ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தது?

நேற்று மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு பலகை வந்து இறங்கியது. கனமான பலகை. அடிப்பக்கம் முழுக்க கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடந்தது. மேல்பக்கம் காய்ந்த கோந்து, அதில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு கார்ப்பெட் நூல்கள். மூக்கருகே கொண்டுபோனேன். உன் குஷன் கடை வாசனை அப்படியே அடித்தது. தோல், கோந்து, தேங்காய் நார், கொஞ்சம் பெட்ரோல். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நிமிஷம் உன்னைத் திட்ட வாயெடுத்துவிட்டேன்.

பலகையைக் கொண்டுவந்தவர் ஒரு மெக்கானிக். மெட்ராஸில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவருக்கு உன் மனைவி நம் ஓப்பன் காரைக் கொடுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்க்கிறவர் இவர். வண்டியை எலும்பு எலும்பாகப் பிரித்துப் புதுசாக்குகிறார்களாம். மரியாதையாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“சார், கண்காட்சியில வைக்கப் போறோம். வண்டியோட சரித்திரம் ஒரு பக்கம் டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டுத் தாங்க. பாண்டியில யார்கிட்ட இருந்துச்சு, முதல்ல யார் வாங்கினாங்கன்னு. உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க.”

அப்புறம் பலகையைத் திருப்பிக் காட்டினார். “இது முன்னாடி இடது சீட்டுல உக்கார்றவர் கால் வைக்கிற இடத்துல இருந்தது. பாருங்க, பெடல் வர்ற ஓட்டைங்க. மரக்கட்டை வச்சு அடைச்சு மேல கார்ப்பெட் ஒட்டியிருக்காங்க. இந்த வண்டிக்கு ஆதியில ஸ்டியரிங் இடது பக்கம் சார். பின்னாடி யாரோ வலது பக்கம் மாத்தியிருக்காங்க. வேலை சுத்தமாத்தான் இருக்கு.”

அவர் தொழில்காரர், சாதாரணமாகச் சொன்னார். எனக்கு டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததென்றால் அது பிரெஞ்சுக்கார மில் துரையின் வண்டி. மில் துரையின் வண்டி என்றால் என் நைனாவின் காலில் ஏறிய வண்டி. அதே வண்டியின் முன் சீட்டில் நைனாவை உட்காரவைத்துக்கொண்டு நான் மாப்பிள்ளை ஊர்வலம் போயிருக்கிறேன். ஓட்டியவன் நீ. ‘இது அந்த வண்டி இல்லடா’ என்று சொன்னவனும் நீ.

நாளைக்கு வருகிறேன் என்று அவர் போய்விட்டார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. பொய் சொன்னாயா, இல்லை உனக்கே தெரியாதா? இதைக் கேட்க வேண்டிய ஆள் நீ ஒருவன்தான். அதனால்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாதே, என் வழக்கப்படி முதலிலிருந்து வரிசையாகத்தான் கேட்பேன். ‘கிளார்க்கு ஃபைல தொறந்துட்டான்’ என்று நீ சிரிப்பது காதில் விழுகிறது.

அந்த வண்டியை நாம் முதலில் பார்த்தது ரெட்டியார்பாளையத்தில், ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டுப் பின்கொட்டகையில். வைக்கோலுக்கும் வரட்டிக்கும் அடியில் கிடந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. நீ வைக்கோலை விலக்க விலக்க அது நீண்டுகொண்டே போனது. மடக்குகிற டாப்பு எலி கடித்துச் சல்லடையாகி இருந்தது. உள்ளே தேக்குமாதிரி பளபளக்கிற மரப்பலகையில் ஒரு கடிகாரம், எப்போதோ நின்றுபோனது. இங்கிலீஷ்காரன் கையால் செய்த வண்டி, இந்த மாதிரி வண்டிக்கு அடிச்சட்டத்தை ஒரு கம்பெனியும் மேல் உடம்பை இன்னொரு கம்பெனியும் ஆள் சொன்னபடி கட்டிக் கொடுக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்று நீதான் சொன்னாய். எங்கே படித்தாயோ. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நீ. உன் அத்தாவின் குஷன் கடையில் சீட்டுத் தைத்துக்கொண்டிருந்தவன். அன்றைக்கு அந்தக் கிழிந்த சீட்டுத் தோலைத் தடவிக்கொண்டு, “இந்தத் தையல பாருடா, ஒரு அங்குலத்துக்கு எத்தினி போட்டிருக்கான்” என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நீ அப்படி நெகிழவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் மண்டிக்காரர் பெயர்தான் முதல் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது யாரோ விற்றுவிட்டுப் போனது, யாரென்று அவர் மகனுக்குத் தெரியவில்லை. வண்டியை இரண்டு மாடு பூட்டி, கயிறு கட்டி, விழுப்புரம் ரோட்டில் ஊருக்குள் இழுத்து வந்தோம். மாட்டுக்காரரோடு நான் முன்னால் நடந்தேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராஜாவாட்டம் வந்தாய்.

இரவு முழுக்க என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேற்று படுத்தபிறகு இதைத்தான் யோசித்தேன். நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய்? எதிரே வந்த பஸ்காரன் ஜன்னலில் தலையை நீட்டி உன்னைத் திட்டியதும், நீ எட்டி அவன் பஸ் தகரத்தில் ஒரு தட்டு தட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் ரோட்டின் நடுப்பக்கம், வலது கை பக்கம்தான் நீ இருந்திருக்க வேண்டும். அப்பாடா என்று இருந்தது. உடனே இன்னொரு ஞாபகம் வந்தது. வண்டி நிற்காமலேயே, ஓரத்து டீக்கடைக்காரர் உன் கையில் ஒரு டம்ளரைக் கொடுக்கிறார். நீ ஸ்டியரிங்கை விடாமல் குடிக்கிறாய். டீக்கடை இடது ஓரத்தில் இருந்தது. இரண்டில் ஒன்று என் கற்பனை. எது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாசம் வண்டி உன் கொட்டகையில் நின்றது. அந்த ஆறு மாசமும் நான் டைப்ரைட்டிங் பரீட்சைக்கும், லாஸ்பேட்டை காலேஜ் ஆபீஸ் வேலைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். எப்போதாவது எட்டிப் பார்த்தால் வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டிருக்கும், அடியிலிருந்து உன் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அது வெளியே வந்தபோது கரும்பச்சை நிறம், சிவப்பு கார்ப்பெட், புது டாப்பு. ஸ்டியரிங் வலப்பக்கம்.

பாண்டியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைவிட்டால் வேறு வண்டி இல்லை என்று ஆகிவிட்டது. டாப்பை மடக்கி, மல்லிகைச் சரம் கட்டி, பேண்டு செட்டுக்குப் பின்னால் ஆமை வேகத்தில் ஓட்டுவாய். முகூர்த்தத் தேதி பார்க்கும் முன் உன் தேதியைப் பார்த்தார்கள். ஏறுகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, “இது யாரு வண்டி பாய்?” நீ வீட்டுக்கு ஒரு கதை சொன்னாய். சொல்தா வீட்டுக் கல்யாணம் என்றால், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் இல்லையா, கவர்னர் வண்டி. உங்கள் ஆட்கள் நிக்காஹ் என்றால் ஐதராபாத் பக்கத்து நவாப் வண்டி. மண்டிக்காரர்கள் வீடு என்றால் லண்டனில் ஒரு பிரபு சீட்டாட்டத்தில் தோற்ற வண்டி. எனக்கு எரிச்சலாக வரும். ஏண்டா வாய்க்கு வந்ததை அளக்கிறாய் என்று கேட்டால், “வண்டிக்கு ஏதுடா பூர்வீகம்? ஏறி உக்கார்றவன்தான் அதுக்குப் பூர்வீகம்” என்பாய்.

என் நைனாவின் கால் விஷயம் உனக்குத் தெரியாததல்ல. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. நைனா மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டருகே நின்றிருந்தபோது துரையின் ஓப்பன் கார் திரும்பி, வலது பாதத்தின் மேல் ஏறிவிட்டது. துரை இறங்கி வந்தாராம். கைக்குட்டையால் மட்கார்டைத் துடைத்தாராம். ‘ஸே ரியாங்’ என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாராம். பிரெஞ்சில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். வண்டிக்கு ஒன்றுமில்லையா, காலுக்கு ஒன்றுமில்லையா என்று நைனாவுக்குக் கடைசிவரை தெரியாது. விரல்கள் போய்விட்டன. நின்று ஓட்டுகிற தறி வேலையும் போய், நூல்கண்டு எண்ணுகிற மூலையில் உட்காரவைத்தார்கள். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், நான் பரீட்சையில் கோட்டைவிட்டாலும் நைனா சொல்வது அந்த ‘ஸே ரியாங்’தான். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே பிடிக்காது.

அந்த வண்டியைப் பற்றி நைனா ஒன்றே ஒன்றுதான் அடித்துச் சொல்வார். “இங்கிலீஷ் வண்டிதான், ஆனா பாரீசுல வாங்கி கப்பல்ல வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம்டா. நான் அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். என் மூஞ்சியப் பாத்துக்கினேதான் ஏத்தினான்.”

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நீ கேட்காமலே வந்து, “வண்டி நம்முது, தேதிய சொல்லு” என்றாய். எனக்கு அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நேராக உன் கொட்டகைக்கு வந்தேன். நைனாவும் பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தார்.

“உண்மைய சொல்லு. இது அந்த மில்லு தொரை வண்டியா? அப்பிடின்னா நான் ஏற மாட்டேன். நடந்தே போறேன்” என்றேன்.

நீ கோபப்படவில்லை. கதவைத் திறந்து காட்டினாய். “தோ, நல்லா பாருடா. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?”

நைனா குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டார். நிமிர்ந்து என்னிடம், “அது இடது பக்கம். இது அது இல்ல. போடா, போயி பத்திரிகை வேலையப் பாரு” என்றார். தறியில் ஒரு இழை அறுந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர் என்று நைனாவுக்குப் பெயர். அவரே சொன்னபிறகு நான் என்ன பேசுவது? போய்ப் பத்திரிகை வேலையைப் பார்த்தேன்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து நமக்குள் வந்த சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு மில் தொழிலாளி வீட்டு ஊர்வலம். நானும் அழைப்பின்பேரில் போயிருந்தேன். நீ பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்கிறாய், “இது மில்லு தொரை வண்டி. நம்மள கேட்டுக்கு வெளிய நிக்க வச்சான்ல, அவன் வண்டி. இன்னிக்கி நம்ம புள்ள ஏறிப் போறான்!” ஜனங்கள் விசிலடித்தார்கள். ஒரு பெரியவர் மட்கார்டை வெறும் கையால் ஓங்கி அடித்துவிட்டுச் சிரித்தார். நான் உன் சட்டையைப் பிடித்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன், அத்தனை பேர் நடுவில்.

“மில்லுக்காரங்களுக்கு மில்லு கதை. வுடுடா” என்றாய்.

“அப்ப எனக்குச் சொன்னது?”

“உனக்கு நான் கதை எங்கடா சொன்னேன்? ஸ்டியரிங்கத்தான காட்டினேன்.”

மூன்று மாசம் நான் உன்னோடு பேசவில்லை. நோன்பு மாசம் வந்தது. ஒரு சாயங்காலம் தூக்கில் நோன்புக் கஞ்சியோடு வாசலில் வந்து நின்றாய். “கஞ்சிய குடிச்சிட்டுத் திட்டு, சூடு ஆறிடும்.” குடித்தேன். திட்ட மறந்துபோனேன். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு நாம் இருவரும் எடுக்கவே இல்லை. எடுத்திருக்க வேண்டும். நைனா இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும். அவரும் போய், உன் ஈரலும் உன்னைக் கைவிட்டு, இப்போது நான் ஒரு பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மெக்கானிக் உறுதியாக எதையும் சொல்லிவிடவில்லை, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பச்சைக்கு அடியில் கறுப்பு பெயின்ட் இருந்ததாம். ஆனால் “அந்தக் காலத்துல பாதி வண்டி கறுப்புதான் சார்” என்கிறார். அடிச்சட்டத்து நம்பர் தகடு தேய்ந்துபோய், சீமைக்கு எழுதிக் கேட்டும் ஒன்றும் தெரியவில்லையாம். இடப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டி பிரெஞ்சுக்காரன் ஊரில் ஒன்றுதான் இருந்திருக்குமா? நாலு இருந்திருக்கலாம். ஸ்டியரிங்கை மண்டிக்காரரே மாற்றியிருக்கலாம். ஆனால் கார்ப்பெட் ஒட்டியவன் நீ. ஓட்டைகளைப் பார்க்காமல் அதை ஒட்டியிருக்க முடியாது. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற உன் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. இதுவரை வந்துவிட்டு அங்கேயே நிற்கிறேன்.

இன்று காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் நேராகவே கேட்டேன். அவர் பலகை சமாசாரம் எதுவும் அறியாதவர். வேறொன்று சொன்னார்.

“அது தெரியாது அண்ணே. ஆனா உங்க கல்யாணத்துக்கு முன்ன உங்க நைனா ரெண்டு வாட்டி இங்க வந்தாரு. தனியா. நான் அடுப்பங்கரை ஜன்னல் வழியா பாத்தேன். வண்டியில முன்னாடி ஏறி உக்காந்து, அந்தக் கால நீட்டி வச்சிக்கினு இருந்தாரு. இவரு கீழ உக்காந்து தைச்சிக்கினு இருந்தாரு. ஏதோ பேசிக்கினாங்க. ஒரு கட்டத்துல உங்க நைனா சிரிச்சாரு. அவரு அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.”

“நான் வந்து வண்டியப் பத்திக் கேட்டதுக்கு முன்னயா, பின்னயா?”

“எனக்கு எப்பிடிண்ணே தெரியும்? டீ கொண்டாந்து வச்சேன், போயிட்டேன்.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீ சொன்னது மெய்தானா என்று சோதிக்க நைனா திரும்ப வந்து பார்த்திருக்கலாம். சும்மா சீட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கலாம். இல்லை, நான் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கிற அந்த நாடகத்தை எனக்காக நடித்திருக்கலாம்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஊர்வலம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது.

தை மாசம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மூன்று தெருதான். நைனாவால் நடக்க முடியாது என்று நீதான் அடம்பிடித்து அவரை உன் பக்கத்தில் ஏற்றினாய். இடது சீட்டு. அந்தப் பலகைக்கு மேல்தான் அவர் பாதம் இருந்தது. நான் பின்னால், மடக்கின டாப்பின்மேல், மாலையும் கூலிங்கிளாசுமாக. கடைத்தெரு திரும்ப வேண்டிய இடத்தில் நீ திரும்பாமல் மில் ரோட்டில் விட்டாய். “இன்னாடா இந்தப் பக்கம்?” என்று குனிந்து கேட்டேன். “அந்தத் தெருவுல பள்ளம் தோண்டி வச்சிருக்கான்” என்றாய். மறுநாள் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தோம். பள்ளம் எதுவும் கண்ணில் படவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மில் வாசலில் டீ குடிக்க வந்த தொழிலாளர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். நீ வண்டியை நிறுத்தினாய். பேண்டு செட்டையும் கையமர்த்தினாய். நைனா உன்னிடம், “அடி” என்றார். நீ ஹாரனை அடித்தாய். கனத்த, நீளமான சத்தம்.

கேட்டருகே ஸ்டூலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த, துரை காலத்திலிருந்தே அங்கே இருந்த கிழ வாட்ச்மேன் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். ஓடிப்போய் இரண்டு கதவையும் விரியத் திறந்து, ஓரமாக விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அப்புறம்தான் பூவும் பேண்டுமாக நாங்கள் நிற்பதைப் பார்த்து அசடு வழிந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை அழுத்தி ஊன்றி எழுந்து நின்று, அவருக்குத் திருப்பி சல்யூட் வைத்தார். உட்கார்ந்து, “போதும், வண்டிய எடு” என்றார்.

பெரிய வண்டி எது வந்தாலும் கேட்டைத் திறப்பது அந்தக் கிழவரின் பழக்கம் என்றும் சொல்லலாம். அவரையும் இனிமேல் கேட்க முடியாது.

நான் அடித்த பக்கத்தில் நாலு வரிதான் தேறியது. ‘இந்த வண்டியை முதலில் வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. எழுபதுகளில் பாண்டிச்சேரியில் கல்யாண ஊர்வலங்களுக்கு ஓடியது. ஒரு தை மாதச் சாயங்காலம், மில்லில் முப்பது வருஷம் வேலை செய்த ஒரு நெசவாளி இதன் முன் சீட்டில் உட்கார்ந்து மில் வாசலுக்கு வந்தார். அவருக்காகக் கேட் திறந்தது.’ கீழே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் மெக்கானிக் வந்து படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இது சரித்திரத்துல சேருமா சார்?” என்றார். எனக்குத் தெரிந்த சரித்திரம் இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன்மேல் கோபமா, நன்றியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் இருவருக்கும் தெரிந்திருந்ததென்றால், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் புரிகிறது. சொல்லியிருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன். நான் ஏறாவிட்டால் நைனா அந்த வண்டியில் அந்த வாசலுக்குப் போக வேறு சாக்கு இல்லை. பின்னால் மாலையும் கழுத்துமாக நான் கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தேன். அது என் ஊர்வலம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.